மீனம்பாக்கம் டிக்கெட் எடுத்துப் பல்லாவரத்தில் இறங்குகிறவன்

மெல்லினம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.40

எனக்கு வயது 41. பேசத் தொடங்கிய நாளிலிருந்து திக்குவாய். அலுவலகம் தாம்பரத்தில், வீடு பல்லாவரத்தில். 14 ஆண்டுகளாக மாலைப் பேருந்தில், பல்லாவரத்தைத் தாண்டி இருக்கும் மீனம்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்துப் பல்லாவரத்தில் இறங்கி வருகிறேன். காரணம் ஒன்றுதான். எனக்குப் "ப" வராது.

வல்லினம், மெல்லினம் என்று எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். எனக்கு அது பாடத்தோடு முடிந்துவிடவில்லை. வாயைத் திறக்கும் முன்பே அடுத்த சொல் எந்த இனத்தில் தொடங்குகிறது என்று மனம் பார்த்துவிடும். "ப" சொல்ல உதடுகள் ஒட்டும், ஒட்டியவை பிரியாது. உள்ளே காற்று முட்டி நிற்கும், தாடை நடுங்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். "ம" சொல்லவும் உதடுகள் ஒட்டத்தான் வேண்டும். ஆனால் மூக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டிருப்பதால் எப்படியோ வெளியே வந்துவிடும். ஆகவே மீனம்பாக்கம்.

ஓட்டலில் தோசை கேட்க நினைத்து இட்லி கேட்பேன். நண்பர்களோடு போனால் "எனக்கும் அதேதான்" என்று முடித்துக்கொள்வேன். மாமியார் வீட்டில் எனக்கு இட்லி என்றால் உயிர் என்று நம்பி, போகும்போதெல்லாம் அடுப்பில் இட்லிக் கொப்பரைதான். அந்த அன்பை நினைத்தால் மனம் கரைகிறது. ஆனால் அவர்கள் அன்பு காட்டுவது நான் அல்லாத ஒருவனிடம் என்ற எண்ணமும் கூடவே வரும்.

போன வியாழக்கிழமை என் மகனும் பேருந்தில் உடன் இருந்தான். ஒன்பது வயது. "மீனம்பாக்கம், ஒரு முழு, ஒரு அரை" என்று வாங்கினேன். நடத்துநர் நகர்ந்ததும், "அப்பா, நாம் பல்லாவரத்தில்தானே இறங்குவோம்?" என்று கேட்டான். "ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டேன்" என்றேன். அவன் டிக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் விட்டதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடத்துநர் பக்கத்தில் வந்ததும் "ப" என்று தொடங்கினேன். அடைத்துக்கொண்டது. வழக்கமாக அந்த நேரத்தில் இருமுவேன், அல்லது சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அன்று குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஒரு நிறுத்தம் வந்து, அவர் விசில் ஊதி, வண்டி மறுபடியும் கிளம்பிவிட்டது. பல்லாவரம் மூன்று துண்டாக வெளியே வந்தது. இயந்திரத்தை அமுக்கி டிக்கெட்டைக் கொடுத்தார். "சில்லறையாகக் கொடுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். யாரிடமும் இதுவரை சொல்லாததால் இங்கே எழுதுகிறேன். ஆண்டுக்கணக்கில் மறைத்துச் சுமந்ததை இப்படி ஒரு சின்ன இடத்தில் இறக்கி வைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

---

பொருநைக்கரை
ஞாயிறு, இரவு 10.55

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நெல்லைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எனக்கும் திக்குவாய்தான். உங்களுக்கு உயிரெழுத்துகள் உதவுகின்றன, எனக்கு அவையும் உதவாது. சிறுவயதில் வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல முடியாமல், வகுப்பில் உட்கார்ந்தபடியே வராதவளாக எத்தனையோ நாள் குறிக்கப்பட்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் சொல்வன்மை அதிகாரம் நடந்தது. அதன் கடைசிக் குறள், கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல மாட்டாதவரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடும். ஆசிரியர் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பூ நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வகுப்பே சேர்ந்து குறளை ஓதும்போது என் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்காது. நமக்கெல்லாம் தெரிந்ததுதான் இது, சேர்ந்து ஓதினாலும் பாடினாலும் திக்காது. ஓதி முடித்ததும் "இப்போது நீ மட்டும் சொல்" என்று எழுப்புவார்கள். அந்த இடைவெளியில் நான் அனுபவித்த தனிமையை இன்றும் விவரிக்கத் தெரியவில்லை.

இப்போது அதே குறளை நான் நடத்துகிறேன். பல ஆண்டுகள் நடத்திய பிறகுதான் அதில் "உணர" என்று ஒரு சொல் இருப்பது கண்ணில் பட்டது. கேட்பவர் உணரும்படி சொல்ல வேண்டும் என்கிறார் வள்ளுவர். தடையில்லாமல் சொல்ல வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புது வகுப்பில் என் முதல் வாக்கியம் இதுதான்: "எனக்குப் பேச்சு திக்கும். நான் நடுவில் நின்றால் சொல் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், காத்திருங்கள்." பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். முதல் வாரம் சிலர் சிரிப்பார்கள். அது வலிக்காது என்று சொல்ல மாட்டேன்.

---

வேப்பம்பூ
திங்கள், காலை 6.20

எனக்குத் திக்குவாய் இல்லை, கன்னத்திலும் கையிலும் வெண்புள்ளிகள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் கேட்காமலே கணினியில் கன்னத்தை ஒரே நிறமாக்கிக்கொண்டிருந்தார். "வேண்டாம், என் முகம் இப்படித்தான்" என்றேன். அப்படி நான் சொன்னது அதுதான் முதல் முறை. வெள்ளிக்கிழமை நீங்கள் குனியாமல் நின்றதைப் படித்தபோது அந்த ஸ்டுடியோ நாற்காலி நினைவுக்கு வந்தது.

---

பழைய விசில்
திங்கள், மதியம் 2.15

தம்பி, நான் கும்பகோணம் தடத்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன்தான் உங்கள் பதிவைப் படிக்கச் சொன்னான். எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன்.

நடத்துநருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தினமும் ஏறுகிறவர் எங்கே இறங்குகிறார் என்று எங்களுக்கு மனப்பாடம். டிக்கெட் ஓரிடம், இறங்குவது ஓரிடம் என்றால் கட்டாயம் கண்ணில் படும். குறைத்து எடுத்தால்தான் கேட்போம், கூடுதலாக எடுத்தால் அவர் பாடு என்று விட்டுவிடுவோம்.

பாபநாசத்துக்குப் போகும் ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். சில்லறையைச் சரியாக எண்ணி உள்ளங்கையில் வைத்து நீட்டுவான், வாய் திறக்க மாட்டான். ஒரு நாள் சொல்ல முயன்று கழுத்து நரம்பு புடைத்து நின்றதைப் பார்த்தேன். அன்று முதல் அவன் கையை நீட்டுவதற்கு முன்பே "பாபநாசம்தானே" என்று கிழித்துக் கொடுத்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. நல்லது செய்கிறோம் என்று எனக்கு மனநிறைவுகூட.

ஒரு நாள் நான் வாயைத் திறந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினான். "நா... நா... நானே சொல்கிறேன் ஐயா" என்றான். வண்டி கும்பகோணத்திலிருந்து கிளம்பியிருந்தது, தாராசுரம் வந்துவிட்டது. பின்னால் நாலு பேர் டிக்கெட் கேட்டுச் சத்தம் போடுகிறார்கள். இருங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நின்றேன். சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, எனக்கும்தான்.

இத்தனை நாளும் அவன் ஊர்ப் பெயரை அவனிடமிருந்து நான்தான் பறித்து வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு யார் திணறினாலும் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. எச்சிலைத் தொட்டு டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பேன், அவர்கள் சொல்லும்வரை. அதிகாரி சோதனைக்கு ஏறும் நாளில் அது சிரமம்தான், இருந்தாலும் நின்றிருக்கிறேன்.

---

ஈரோட்டு அம்மா
திங்கள், இரவு 11.30

இதைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை. என் மகனுக்கு நாலரை வயது. மூன்று மாதமாகத் திக்குகிறான். "அ அ அ அம்மா" என்று தொடங்கி, சில நேரம் சத்தமே வராமல் வாய் திறந்தபடி நிற்கிறான். மாமியார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார். பக்கத்து வீட்டில் கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவிடச் சொல்கிறார்கள். வீட்டில் தமிழ், நர்சரியில் ஆங்கிலம் என்பதால் குழம்பிவிட்டான் என்று அவன் அப்பா சொல்கிறார். சோறு கொட்டியதற்காக ஒரு நாள் கடுமையாக அதட்டினேன், அதற்கு அடுத்த வாரம்தான் இது தொடங்கியது. நான்தான் காரணமா? பொருநைக்கரை அக்கா, மெல்லினம் அண்ணா, உங்கள் அம்மாக்கள் என்ன செய்தார்கள்?

---

பேச்சுப் பயிற்றுநர்
செவ்வாய், காலை 7.05

ஈரோட்டுச் சகோதரிக்கு முதலில். நீங்கள் காரணம் இல்லை. அதட்டலாலும் பயத்தாலும் திக்குவாய் வருவதில்லை, இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. பேச்சின் நேரத்தை ஒழுங்கு செய்யும் மூளைப் பாதைகளில் இருக்கும் வேறுபாட்டிலிருந்து வருகிறது. குடும்ப வழியாகவும் வரும். பிள்ளைகளில் 100க்கு 5 பேர் அளவுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். அவர்களில் பெரும்பான்மையோருக்குத் தானாகவோ பயிற்சியாலோ விலகிவிடும். பெரியவர்களில் 100க்கு ஒருவருக்கு நிலைத்திருக்கிறது, அதிலும் பெண்களைவிட ஆண்களுக்கு நாலு மடங்கு அதிகம்.

கூழாங்கல் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து. வசம்பையும் நிறுத்திவிடுங்கள்.

தாய்மாரைக் குற்றவாளி ஆக்கியதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த வெண்டல் ஜான்சன், பெற்றோர் "திக்குகிறான்" என்று பெயர் சூட்டுவதால்தான் பிள்ளைக்குத் திக்குவாய் உண்டாகிறது என்று கருதினார். அவரும் திக்குவாய் உள்ளவர்தான். 1939இல் அவருடைய மேற்பார்வையில் அனாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. சரளமாகப் பேசிய சில பிள்ளைகளிடம், "உனக்குத் திக்குகிறது, சரியாகச் சொல்ல வராவிட்டால் பேசாதே" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் திக்குவாய் வரவில்லை. ஆனால் சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. பெற்றோரைப் பழிக்கும் அந்தக் கருத்தை இன்று துறை ஏற்பதில்லை. பேச்சைப் பற்றிய வெட்கம் மட்டும் வெளியிலிருந்து ஊட்டினால் ஊறிவிடும் என்பதை அந்தப் பிள்ளைகள் காட்டிவிட்டுப் போனார்கள்.

மகன் பேசும்போது "மெதுவாகச் சொல்", "மூச்சு விட்டுச் சொல்" என்று சொல்லாதீர்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், நடத்துநர் ஐயா எழுதியதைவிட இதை நன்றாக விளக்க என்னால் முடியாது. அவன் முகத்தைப் பாருங்கள், அவன் என்ன சொல்ல வருகிறான் என்பதைக் கேளுங்கள். நீங்கள் பேசும்போது வேகத்தைக் குறைத்தால் போதும். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தானாகப் போய்விடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இந்த மாதமே போங்கள்.

---

மூன்றாம் நேர்காணல்
செவ்வாய், இரவு 8.40

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன்.

எனக்கு 26 வயது, பொறியியல் முடித்தவன். எழுத்துத் தேர்வில் தேறி மூன்று நேர்காணல்களுக்குப் போனேன். மூன்றாவதில், என் பெயரைச் சொல்லத் திணறிக்கொண்டிருந்தபோதே எதிரில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெயரை மாற்றிச் சொல்ல முடியாது அல்லவா? தோசைக்கு இட்லி இருக்கிறது, பெயருக்கு வேறு சொல் இல்லை. உன்னை நீ ஏற்றுக்கொள் என்கிறார்கள். நான் ஏற்றுக்கொண்டால் அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பாரா? நிலையான சம்பளம் கைக்கு வந்த பிறகு ஏற்றுக்கொள்வது எளிது. நான் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். எனக்குச் சரளம்தான் வேண்டும், ஆறுதல் வேண்டாம்.

---

மெல்லினம்
செவ்வாய், இரவு 11.10

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அந்த நேர்காணலில் நடந்தது அநியாயம், உங்கள் மனத்தைத் தேற்றிக்கொள்வதால் அது சரியாகிவிடாது. எனக்கு வேலை கிடைத்தது பெரும்பாலும் எழுத்துத் தேர்வை வைத்து, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 20 வயதிலிருந்து எனக்கும் சரளம்தான் வேண்டியிருந்தது. சரளம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றையும் தள்ளி வைத்தேன். தங்கையின் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசவில்லை. அப்பா மருத்துவமனையில் இருந்தபோது மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா தெரியாது, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் பயிற்சியை விடாதீர்கள். பயிற்சி முடியட்டும் என்று பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள்.

---

பேச்சுப் பயிற்றுநர்
புதன், காலை 6.50

ஏற்பும் பயிற்சியும் எதிரெதிர் அல்ல. தானும் திக்குவாய் உள்ளவரான சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த பயிற்சி முறையில், சொல் அடைபட்டால் அதிலிருந்து ஓடாமல், அந்த இடத்திலேயே நின்று இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வெளியே வருவது முக்கியமான படி. ஓடுகிறவருக்கு அதைக் கற்றுத் தர முடியாது. மெல்லினம் வெள்ளிக்கிழமை செய்தது அந்த முதல் பாதி.

---

பொருநைக்கரை
புதன், மாலை 5.30

வேண்டுமென்றே திக்கிப் பார்க்கும் ஒரு பயிற்சியும் உண்டு. எனக்கு அதைச் சொல்லித் தந்தபோது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. உழவர் சந்தையில் போய், எனக்கு எளிதாக வரும் "வெண்டைக்காய்" என்ற சொல்லை வேண்டுமென்றே "வெ வெ வெ" என்று இழுத்துக் கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்றார். ஒரு காயின் முனையை ஒடித்து இளசு என்று காட்டினார். நானாக வரவழைத்தபோது திக்கலுக்கு அந்தப் பழைய பயங்கரம் இல்லை. மூன்றாம் நேர்காணல் தம்பி, அடுத்த நேர்காணலில் உட்கார்ந்ததும், "எனக்குத் திக்குவாய் உண்டு, பதில் சொல்லச் சற்று நேரம் எடுப்பேன்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். கடிகாரம் பார்ப்பவர் அப்போதும் பார்க்கலாம். மறைக்கிற வேலை ஒன்று உங்களுக்குக் குறையும்.

---

மூன்றாம் நேர்காணல்
புதன், இரவு 10.05

அக்கா, முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படிச் சொன்னால் சொன்ன இடத்திலேயே என்னைத் தள்ளிவிடுவார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இன்று மளிகைக் கடையில் துவரம் பருப்புக்குச் சீட்டு எழுதிக் கொண்டு போகவில்லை. வாயால் கேட்டேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம்" என்றார். கேட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

---

பழைய விசில்
வியாழன், காலை 9.00

எழுதுங்கள் தம்பி. அவர் நின்றால் நிற்கட்டும்.

---

ஈரோட்டு அம்மா
இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9.15

மையத்துக்குப் போய் வந்தோம். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வசம்பு நிறுத்தியாயிற்று. மாமியாருக்கு வருத்தம்தான். அவருடைய தம்பிக்கும் சிறுவயதில் இப்படித்தான் இருந்ததாம், இத்தனை நாள் சொன்னதே இல்லை. அந்த மாமா ஏன் எந்த விசேஷத்திலும் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார் என்று இப்போது தெரிகிறது.

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது, சத்தம் வரவில்லை, கண் அகலமாக விரிந்திருந்தது. நீங்கள் எல்லோரும் சொன்னது நினைவுக்கு வந்தது. துருவலை அப்படியே போட்டுவிட்டு அவன் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை, மெதுவாகச் சொல் என்று சொல்லவில்லை. அவனும் விடவில்லை. கையை நீட்டி எனக்குப் பின்னால் காட்டிக்கொண்டே முயன்றான். கடைசியில் வந்தது: "ப... ப... பால்."

திரும்பிப் பார்த்தால் மேடை முழுவதும் பால், அடுப்பு அணைந்திருந்தது. முதலில் கேஸை மூடினேன். அவன் அதற்குள் பாட்டியிடம் ஓடிவிட்டான். நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பால் பொங்கிய கதையை ஒவ்வொரு "பா"விலும் நின்று நின்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிடவில்லை. மாமியாரும் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.